முற்றம், ஒழுங்கை, சந்தை: பிள்ளைக்கு ஒரு மெய்நிகர் உலகத்தைத் திறந்துகொடுப்பது எப்படி

மட்டக்களப்பு மாவட்டத்தில் குருக்கள்மடத்தில் பிரதான வீதியோரம் எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோ கொப்பி, லமினேட்டிங், ஒன்லைன் விண்ணப்பம் நிரப்புவது, பரீட்சைப் பெறுபேறு எடுத்துக் கொடுப்பது, இதுதான் பிழைப்பு. சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குப் பிறகு கடையின் பின்னறை பிள்ளைகளுக்கு. நான்கு பழைய கொம்பியூட்டர், ஒரு ரவுட்டர், ஒரு மேசை விசிறி. ஏழு வயது முதல் பன்னிரண்டு வயது வரை எட்டுப் பேர், ஒரு கொம்பியூட்டருக்கு இரண்டு பேராக இருந்து விளையாடுகிறார்கள். நான்கு பேர் இந்த ஊர்ப் பிள்ளைகள். மற்ற நான்கு பேரும் அம்பிளாந்துறையிலிருந்து பாதையில் ஏறி வாவியைக் கடந்து வருகிறவர்கள். எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு அக்கரைக்கும் இக்கரைக்கும் போய்வருகிற மிதவை. பிள்ளைகள் சேர்ந்து கட்டுகிற உலகத்தில் அந்த எட்டுப் பேரையும் என்னையும் தவிர வேறு ஒருவரும் இல்லை. அந்த ரவுட்டரில் இன்டர்நெட் இணைப்பே கிடையாது.

கடைக்கு வருகிற தாய்மார் "பிள்ளைக்கு எந்த கேம் நல்லம் தங்கச்சி?" என்றுதான் கேட்பார்கள். "உள்ளுக்கு ஆர் ஆர் நிக்கிற எண்டு முதல்ல பாருங்க அக்கா" என்பேன். மெய்நிகர் உலகம் என்பது பிள்ளை ஒரு உருவம் எடுத்து உள்ளே போய், நடந்து, கட்டி, மற்றவர்களைச் சந்திக்கிற இடம். அங்கே எதிரே வருகிற உருவங்களில் பலவற்றுக்குப் பின்னால் உண்மையான ஆட்கள் இருக்கிறார்கள். அதனால் அதை ஒரு பொருளாகப் பார்க்காமல் ஒரு இடமாகப் பாருங்கள். பிள்ளையை ஒரு இடத்துக்கு எப்படி விடுவது என்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதலில் முற்றத்தில் விளையாடவிடுகிறோம். கொஞ்சம் வளர்ந்ததும் ஒழுங்கையில், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு. சந்தைக்குப் போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிப்போகிறோம். போனில் மட்டும் நான்கு வயதுப் பிள்ளையை நேரே சந்தை நடுவில் விட்டுவிட்டு நாம் குசினிக்குப் போய்விடுகிறோம்.

இதை நான் படித்து அறியவில்லை. என் அக்காவின் மகனுக்கு அப்போது ஒன்பது வயது. பள்ளி விடுமுறையில் தாயின் போனில் ஒரு ஒன்லைன் விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தான். ஒருநாள் கடைக்கு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், "சின்னம்மா, போன்ல ஒரு ஆள எப்பிடி இல்லாமலாக்குற?" என்று கேட்டான். போனை வாங்கிப் பார்த்தேன். ஒருவன் விளையாட்டுக் காசு தருவதாகத் தொடங்கி, எந்தப் பள்ளிக்கூடம், எந்தத் தரம் என்று கேட்டு, அப்புறம் வாட்ஸ்அப் நம்பர் வாங்கி, கடைசியில் படம் அனுப்பச் சொல்லியிருந்தான். பிள்ளை படம் அனுப்பவில்லை. ஆனால் பத்து நாளுக்கு மேல் ஒருவரிடமும் சொல்லவும் இல்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "சொன்னா அம்மா போன பறிச்சிருவா" என்றான்.

அந்த ஒரு வசனம்தான் என்னை இந்த வேலைக்குள் இழுத்தது. பிள்ளை அந்த ஆளுக்குப் பயந்ததைவிட நமக்குப் பயந்திருக்கிறான். அதனால் எதைச் செய்வதற்கும் முன்னால் இதைச் செய்யுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி, "உள்ள என்ன நடந்தாலும், நீ பிழை செஞ்சிருந்தாலும், என்னட்டச் சொன்னதுக்காக போன பறிக்க மாட்டன்" என்று வாக்குக் கொடுங்கள். பிறகு அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். மற்ற எல்லாப் பூட்டும் இதற்குப் பிறகுதான்.

பிறந்த ஆண்டைச் சரியாகப் போடுங்கள்

அன்றைக்கு நான் கண்ட இரண்டாவது விஷயம், அந்தக் கணக்கில் இருந்த பிறந்த ஆண்டு 1986. அது அக்காவின் பிறந்த ஆண்டு. கணக்குத் திறக்கும்போது கேட்டார்கள், அவள் தன்னுடையதைப் போட்டுவிட்டாள். நம் ஊரில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். பிள்ளையின் வயதைப் போட்டால் கணக்குத் திறக்க விடாது, அல்லது பாதி விஷயம் பூட்டியிருக்கும் என்ற எண்ணம்.

அந்தப் பூட்டுத்தான் நமக்கு வேண்டியது. அமெரிக்காவில் 1998இல் சிறுவர்களின் ஒன்லைன் தனியுரிமைக்கு ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளையின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் எடுக்கக் கூடாது என்பது அதன் சாரம். பெரிய நிறுவனங்கள் பல அங்கேயே இருப்பதால், உலகம் முழுக்கக் கணக்குத் திறக்கும் இடத்தில் 13 என்ற எண் வந்து நிற்கிறது. பிள்ளையின் உண்மையான வயதைக் கொடுத்தால் பல விளையாட்டுகளில் அந்நியருடன் பேசும் வசதி மூடியிருக்கும், அல்லது குறைந்திருக்கும். பெற்றோரின் மின்னஞ்சலையும் கேட்கும். நாம் 1986 என்று போட்டால், அந்த உலகம் நம் பிள்ளையை முப்பது தாண்டிய ஆளாக நினைத்து எல்லாக் கதவையும் திறந்துவிடும். காவல்காரனை நாமே வீட்டுக்கு அனுப்பிவிடுவது போலத்தான்.

இன்று இரவே பிள்ளையின் போனைத் திறந்து, கணக்கு விவரத்தில் பிறந்த ஆண்டைப் பாருங்கள். மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். முடியாவிட்டால் அந்தக் கணக்கை அழித்துப் புதிதாகத் திறப்பதுதான் வழி. சேர்த்துவைத்த புள்ளிகள் போய்விடும் என்று பிள்ளை அழும். அழட்டும், பக்கத்தில் இருங்கள், புதுக் கணக்கில் முதல் நாள் கூடவே இருந்து விளையாடுங்கள்.

பெயரும் அப்படியே. அக்காவின் மகன் தன் பெயரோடு பள்ளிக்கூடத்தின் சுருக்கப் பெயரையும் சேர்த்து வைத்திருந்தான். கொழும்பில் அது வெறும் எழுத்து. எங்கள் பக்கத்தில் அது விலாசம். களுவாஞ்சிக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கி, பள்ளிக்கூடப் பெயரையும் தரத்தையும் சொல்லி விசாரித்தால், மூன்றாவது ஆள் வீட்டு வாசலுக்கே கூட்டிவந்து விடுவார். ஊரின் அந்த நல்ல குணத்தை மாற்றத் தேவையில்லை, பெயரை மாற்றினால் போதும். என் பின்னறைப் பிள்ளைகள் எட்டுப் பேரும் வாவி மீன்களின் பெயரை வைத்துக்கொண்டார்கள். திரளி, செல்வன், கொய், ஒட்டி, இறால், நண்டு என்று. மணலை என்ற பெயருக்கு இரண்டு பேர் சண்டை பிடித்ததால் மணலை1, மணலை2 ஆனார்கள்.

முற்றத்தைக் கட்டுவது

இனி அந்த இன்டர்நெட் இல்லாத உலகத்துக்கு வருகிறேன். நான் பயன்படுத்துவது லுவான்டி. 2010இல் பின்லாந்துக்காரர் ஒருவர் தொடங்கியது. நீண்ட காலம் மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்து, 2024 ஒக்டோபரில் பெயர் மாறியது. பின்லாந்து மொழியில் படைப்பு என்ற பொருள் தருகிற சொல்லையும், அந்த மென்பொருளில் பயன்படும் லுவா என்ற நிரல்மொழியின் பெயரையும் சேர்த்து இந்தப் பெயரை வைத்தார்களாம். இலவசம், விளம்பரம் இல்லை, கணக்குத் திறக்கத் தேவையில்லை. பலரும் அறிந்த மைன்கிராஃப்ட் போலவே கட்டி கட்டியாக அடுக்கி வீடும் மலையும் ஆறும் அமைக்கிற உலகம். ஒரு கட்டியை ஒரு மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். இதனால் வருகிற நன்மையைப் பிறகு சொல்கிறேன்.

இதைப் பதிவிறக்கும்போது மட்டும் இன்டர்நெட் வேண்டும். லுவான்டியின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். போனுக்கு என்றால் பிளே ஸ்டோரில் அதே பெயரில் இருப்பதை எடுங்கள். 'கிராஃப்ட்' என்று முடிகிற பெயரோடு வரிசையாக வேறு பல செயலிகள் வரும். அவற்றில் பல, இரண்டு நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் காட்டுகிறவை. அந்த விளம்பரங்கள் பிள்ளைக்கு ஏற்றவை என்று நம்பி இருக்க முடியாது.

லுவான்டியைத் திறந்ததும் உள்ளே விளையாட்டு ஒன்றும் இருக்காது. அது வெறும் அடித்தளம். அதற்குள்ளேயே இருக்கும் பட்டியலிலிருந்து ஒரு விளையாட்டை இறக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்கு 'மைன்டெஸ்ட் கேம்' என்பதை இறக்குங்கள். அதில் பேய், அரக்கன், துரத்துகிற மிருகம் எதுவும் இல்லை. வெறும் நிலம், மரம், தண்ணீர், கல். இரவு வந்தால் இருட்டும், அவ்வளவுதான். அடிதடி கேட்கிற பெரிய பையன்களுக்கு வேறு விளையாட்டுகளும் அதே பட்டியலில் உண்டு. நான் அவற்றைப் பின்னறைக்குக் கொண்டுவரவில்லை.

புதிய உலகம் ஒன்றை உருவாக்கும்போது நிலத்தின் வகையைக் கேட்கும். 'ஃபிளாட்' என்பதைத் தெரிவுசெய்தால் மட்டமான தரை வரும். கட்டிடம் கட்ட அது நல்லது. அதன் பிறகு மூன்று பெட்டிகள் இருக்கும். கிரியேட்டிவ் மோட் என்பதற்குச் சரி போடுங்கள், எல்லாக் கட்டிகளும் அளவில்லாமல் கிடைக்கும். டேமேஜ் என்பதில் சரியை எடுத்துவிடுங்கள், விழுந்தாலும் உயிர் போகாது. ஹோஸ்ட் சேர்வர் என்பதற்குச் சரி போட்டால் மற்றப் பிள்ளைகளும் சேரலாம். அதைப் போட்டதும் அனவுன்ஸ் சேர்வர் என்று இன்னொரு பெட்டி வரும். அதைத் தொடவே வேண்டாம். அது உங்கள் உலகத்தை வெளியுலகப் பட்டியலில் போடுவதற்கானது. ஒரு கடவுச்சொல்லையும் கொடுத்துவிடுங்கள்.

மற்ற கொம்பியூட்டர்களில் ஜொயின் கேம் என்ற பக்கத்துக்குப் போய், முதல் கொம்பியூட்டருக்கு ரவுட்டர் கொடுத்திருக்கிற ஐபி எண்ணையும் 30000 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்தால் உள்ளே வந்துவிடலாம். எல்லாம் ஒரே ரவுட்டரில் இணைந்திருந்தால் போதும். அந்த ரவுட்டருக்கு வெளியிலிருந்து லைன் வரத் தேவையில்லை, சிம் தேவையில்லை, ரீலோட் தேவையில்லை. விளையாட்டுப் பெயரை ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும், திரளிக்கும் அப்படித்தான் அடித்தோம்.

கொம்பியூட்டர் இல்லாத வீடுதான் நம் பக்கத்தில் அதிகம். இரண்டு போன் இருந்தாலும் சரி. ஒரு போனில் மொபைல் டேட்டாவை நிறுத்திவிட்டு ஹொட்ஸ்பொட்டை மட்டும் போடுங்கள். மற்றப் போனை அதில் இணையுங்கள். பெரும்பாலான போன்களில் இது வேலை செய்யும். அண்ணன் தங்கச்சி இரண்டு பேரும் ஒரே பாயில் இருந்து ஒரே உலகத்தில் கட்டலாம், டேட்டா ஒரு துளியும் போகாது. பழைய கொம்பியூட்டர் இழுத்து இழுத்து ஓடினால் அமைப்பில் பார்வைத் தூரத்தைக் குறையுங்கள். என்னுடைய ஒரு பெட்டியில் 2 ஜிபி ரேம்தான் இருக்கிறது, அப்படிக் குறைத்துத்தான் ஓட்டுகிறேன்.

உலகத்தைத் திறந்தவருக்கு எல்லா அதிகாரமும் இருக்கும். சாட்டில் ஒரு பிள்ளை மற்றவரைத் திட்டி எழுதினால், அந்தப் பிள்ளை சாட்டில் எழுதுவதற்கான 'ஷவுட்' உரிமையை எடுத்துவிடலாம். சாய்கோடு போட்டு 'ரிவோக்', அடுத்து பிள்ளையின் விளையாட்டுப் பெயர், அடுத்து 'ஷவுட்', ஆங்கிலத்தில் அடித்தால் சரி. திருப்பிக் கொடுப்பதற்கு 'கிராண்ட்'. நான் இதை இரண்டு முறைதான் பயன்படுத்தியிருக்கிறேன். பக்கத்தில் இருக்கிற பிள்ளையிடம் நேரே பேசித் தீர்ப்பதுதான் எப்போதும் விரைவாக நடக்கிறது. மற்றவர் கட்டியதை உடைப்பதுதான் அடிக்கடி வரும் வழக்கு. உடைத்தவர் திரும்பக் கட்டிக் கொடுக்க வேண்டும், உடைக்கப்பட்டவர் பக்கத்தில் நின்று எப்படி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தை வைத்தது நானில்லை, நண்டு என்ற பெயருள்ள எட்டு வயதுப் பிள்ளை.

உள்ளே என்ன செய்யச் சொல்வது

சும்மா விட்டால் முதல் இரண்டு வாரம் குழி தோண்டுவார்கள். தோண்டட்டும். மூன்றாவது வாரம் ஒரு வேலை கொடுங்கள், தங்களுக்குத் தெரிந்த ஒரு இடத்தைக் கட்டச் சொல்லி.

நாங்கள் முதலில் எடுத்தது முகத்துவாரத்து வெளிச்சவீடு. 1913இல் கட்டியது, உயரம் 28 மீற்றர். ஒரு கட்டி ஒரு மீற்றர் என்றால் 28 கட்டி. அடியில் எவ்வளவு அகலம் வைப்பது என்று வந்ததும் பிள்ளைகள் படத்தில் அடிமட்டத்தை வைத்து உயரத்தையும் அகலத்தையும் அளந்தார்கள். விகிதம் என்ற பாடத்தை நான் ஒரு சொல்லும் சொல்லாமல் செய்து முடித்தார்கள். வட்டமான கோபுரத்தைச் சதுரக் கட்டியால் எப்படிக் கட்டுவது என்பதற்கு மட்டும் இரண்டு சனிக்கிழமை போனது. கடைசியில் சதுரக்கோட்டுக் கொப்பியில் வட்டாரி வைத்து வட்டம் கீறி, கோடு தொடுகிற கட்டத்தை எல்லாம் நிறம் தீட்டி, அதைப் பார்த்து அடுக்கினார்கள்.

பிறகு கல்லடிப் பாலம். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலமும், பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலமும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிள்ளைகள் தகப்பனோடு டவுனுக்குப் போனபோது பழைய பாலத்தை அடி வைத்து எண்ணி வந்தார்கள். ஒருத்தி சொன்ன எண் வேறு, தம்பி சொன்ன எண் வேறு. ஏன் வேறு என்று அரை மணி நேரம் வாதம். அவளுடைய ஒரு அடி எவ்வளவு, அவனுடைய ஒரு அடி எவ்வளவு என்று கடை வாசலில் சோக்கால் கோடு போட்டு அளந்தபோது விஷயம் வெளித்தது. மட்டக்களப்புக் கோட்டையையும் கட்டியிருக்கிறார்கள். போர்த்துக்கேயர் 1628இல் கட்டி, பத்து வருடத்தில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்த கோட்டை. நான்கு மூலையிலும் கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, மற்ற இரண்டு பக்கம் அகழி. "ஏன் ரெண்டு பக்கம் மட்டும் அகழி?" என்று கேட்ட பிள்ளைக்கு, அகழியைத் தோண்டிக்கொண்டிருக்கும்போதே விடை தெரிந்துவிட்டது.

ஆனால் என் மனதில் நிற்பது வயல். அம்பிளாந்துறைப் பிள்ளைகளுக்கு வட்டை என்கிற வயல்வெளிதான் உலகம். குளம் கட்டி, வாய்க்கால் வெட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். இந்த விளையாட்டில் தண்ணீர் மட்டமான தரையில் ஏழு கட்டி தூரம் ஓடி நின்றுவிடும். இந்த ஊர்ப் பிள்ளைகள் திகைத்துப்போய் நின்றார்கள். அக்கரைப் பிள்ளை ஒருத்தி, கொய் என்று பெயர் வைத்தவள், "பள்ளம் குடுத்தாத்தான் தண்ணி போகும், அப்பா அப்பிடித்தான் வெட்டுற" என்றாள். ஏழு கட்டிக்கு ஒரு படி இறக்கினாள். தண்ணீர் மறுபடி ஏழு ஓடியது. அப்படியே படிப்படியாக இறக்கி வயலுக்குக் கொண்டுவந்தாள். அதில் நெல் இல்லை, கோதுமைதான் உண்டு. பிள்ளைகள் அதை நெல் என்றே சொல்கிறார்கள். தண்ணீருக்கு மூன்று கட்டிக்குள் இருக்கிற மண்தான் ஈரமாகும் என்று கண்டுபிடித்து, வாய்க்காலை எந்த இடைவெளியில் வெட்டினால் வீணாகாது என்று கணக்குப் போட்டார்கள். அதுவரை வாய் திறக்காமல் இருந்த அந்தப் பிள்ளைக்கு அன்றிலிருந்து மற்ற ஏழு பேரும் இடம் கொடுத்தார்கள்.

எஃப்5 விசையை அழுத்தினால் நிற்கிற இடத்தின் எண்கள் திரையில் தெரியும். நிலத்துக்குக் கீழே தோண்டிப் போனால் எண் சைபருக்குக் கீழே இறங்கி மறை எண்ணாகும். திசைகொண்ட எண்களைப் பள்ளியில் தொடங்கும் முன்பே, "மறை பன்னிரண்டில நிக்கன், வா" என்று ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறார்கள்.

ஒரு குறையையும் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கிற பெயர்ப்பலகையில் தமிழில் எழுதினால் ஒழுங்காக விழாது. கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கும். எனக்கு இது மிகவும் கவலையாக இருந்தது. பிள்ளைகள் கட்டியையே அடுக்கி எழுத்தாக்கிவிட்டார்கள். பத்துக் கட்டி உயரத்தில் 'கோட்டை' என்று எழுதி வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் ஐகாரக் கொம்பைச் செய்ய எடுத்த பாடு பெரிது.

ஆட்களே இல்லாத உலகங்கள்

ஐந்து ஆறு வயதுப் பிள்ளைக்கு இதுவும் அதிகம் என்று தோன்றினால், வேறு ஒருவரும் இல்லாத உலகத்தைக் கொடுங்கள். ஸ்டெல்லேரியம் என்ற இலவச மென்பொருள் வானத்தை அப்படியே காட்டும். இடத்தை மட்டக்களப்பு என்று கொடுத்தால் நம் வானம். துருவ நட்சத்திரம் நமக்கு அடிவானத்துக்கு மேல் ஏழு எட்டுப் பாகைதான் உயரம், ஒரு தென்னை மரம் மறைத்துவிடும். ஏன் அப்படி என்று பூமியை உருட்டிக் காட்டலாம். நாம் நிற்கிற அகலக்கோட்டின் அளவுதான் அந்த உயரம். ஏப்ரல் இரண்டாம் வாரமளவில் நண்பகல் சூரியன் நேரே தலைக்கு மேல் வருவதையும் அதில் முன்கூட்டியே பார்த்து, அந்த நாளில் முற்றத்தில் கம்பு நட்டு நிழல் இருக்கிறதா என்று சரிபார்க்கலாம். திரையிலேயே பரிசோதனை செய்து பார்க்கிற, கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) உருவகப்படுத்தல்களில் சில தமிழிலும் இருக்கின்றன. மின்சுற்று, ஊசல் போன்றவற்றுக்கு அவை நல்லவை.

சொந்தமாக விளையாட்டுச் செய்ய ஆசைப்படுகிற பிள்ளைக்கு, கட்டளைத் துண்டுகளை அடுக்கி நிரல் எழுதுகிற ஸ்கிராட்ச். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்டது, இன்டர்நெட் இல்லாமல் ஓடுகிற பதிப்பும் உண்டு. அதன் தளத்தில் ஆளுக்கு ஆள் இரகசியமாகச் செய்தி அனுப்ப வழியே வைக்கவில்லை. ஒரு இடத்தைப் பிள்ளைகளுக்காக யோசித்துக் கட்டினார்களா என்று பார்க்க எனக்கு இது ஒரு நல்ல அளவுகோல்.

ஒழுங்கைக்கும் சந்தைக்கும் போகும்போது

பிள்ளை எப்போதும் முற்றத்திலேயே இருக்காது. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் மைன்கிராஃப்ட், ரொப்லொக்ஸ் என்று பேசும்போது இதுவும் கேட்கும். கேட்பது நியாயம்.

மைன்கிராஃப்ட்டைத் தனி உலகமாகவே விளையாடலாம். உலக அமைப்பில் மல்ட்டிபிளேயர் என்பதை நிறுத்திவிட்டால் வேறு ஒருவரும் வர முடியாது. ஐரோப்பிய வயது மதிப்பீட்டில் அதற்கு 7. பள்ளிக்கூடங்களுக்கென்று தனிப் பதிப்பும் 2016 முதல் இருக்கிறது, அதற்குப் பள்ளிக்கூடம் வழியாகக் கணக்கு வேண்டும்.

ரொப்லொக்ஸ் ஒரு விளையாட்டு இல்லை. பயனர்களே செய்து போட்ட எண்ணற்ற உலகங்களின் கூட்டம். ஒன்று மிக நன்றாக இருக்கும், அடுத்தது பிள்ளைக்குப் பொருந்தவே பொருந்தாது. சிறுவர் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2024 ஓகஸ்டில் துருக்கி அதைத் தடை செய்தது. அதே வருட இறுதியில் அந்த நிறுவனம் பெற்றோர் தங்கள் கணக்கிலிருந்தே பிள்ளையின் கணக்கைக் கட்டுப்படுத்துகிற வசதியைக் கொண்டுவந்தது. பிள்ளை ஏற்கெனவே அதில் இருந்தால் அந்த வசதியை இணைத்து, சாட், செலவு, நேரம் மூன்றையும் நீங்களே வையுங்கள். என் கருத்து, பத்து வயதுக்கு முன் அது வேண்டாம். அதற்குப் பிறகும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கிற இடத்தில், ஹெட்செட் போடாமல், சத்தம் வெளியே கேட்கும்படி.

பழைய நல்ல பெயரை மட்டும் நம்பியும் போகாதீர்கள். கிளப் பெங்குவின் என்ற பிள்ளைகள் உலகம் 2005இல் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதில் முன்பே எழுதிவைத்த வசனங்களை மட்டும் தெரிவுசெய்து பேசும் முறை இருந்தது, காவலர்களும் இருந்தார்கள். அது மூடியதும் அதே உருவத்தில் வேறு ஆட்கள் போலியாகத் தளங்கள் தொடங்கினார்கள். அப்படி ஒன்றைப் பிள்ளைகளின் பாதுகாப்புப் பிரச்சினை வெளிவந்த பிறகு 2020இல் டிஸ்னி தலையிட்டு மூடவைத்தது. பென்குயின் அதே பென்குயின்தான், உள்ளே நின்றவர்கள்தான் வேறு.

போனிலும் இரண்டு வேலை இருக்கிறது. பிளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி வையுங்கள். கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் செயலியில் பிள்ளைக்குத் தனிக் கணக்குத் திறந்தால், புதுச் செயலி இறக்கும் முன் உங்கள் போனுக்குக் கேள்வி வரும்.

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மாமாங்கக் கோயிலுக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும்போது என்ன சொல்லிக் கூட்டிப் போகிறோம்? "கைய விடாத. விட்டுட்டா தேடித் திரியாத, இந்த இடத்துல வந்து நில்லு." அதே மூன்று வசனத்தைச் சந்தை உலகத்துக்கும் சொல்லலாம். நான் சொல்லிக்கொடுத்தது இப்படி: ஒரு ஆள் பள்ளிக்கூடத்தைக் கேட்டால், பரிசு தருவதாகச் சொன்னால், வேறு செயலிக்கு வரச் சொன்னால், படம் கேட்டால், "வீட்டில் சொல்லாதே" என்று சொன்னால், பதில் எழுதாமல் போனை அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டுப் பெரியவரிடம் வா. அழிக்காதே. அழித்தால் அந்த ஆளைப் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது.

பிள்ளை அப்படி வந்தால், நீங்கள் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். விளையாட்டுப் பெயர், நேரம், எழுதியது எல்லாம் தெரியும்படி. பிறகு விளையாட்டுக்குள்ளேயே முறைப்பாடு செய்துவிட்டு, அந்தக் கணக்கைத் தடுத்துவிடுங்கள். படம் கேட்டிருந்தாலோ மிரட்டியிருந்தாலோ தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எடுங்கள். காசு செலவில்லை, எந்த நேரமும் எடுக்கலாம், தமிழிலும் பேசலாம். பிள்ளை ஏற்கெனவே படத்தை அனுப்பியிருந்தாலும் கை ஓங்காதீர்கள். அன்றைக்கு அது உங்களிடம் வந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நேரமும் பென்டிரைவும்

எவ்வளவு நேரம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பின்னறையில் எனக்கு இந்தப் பிரச்சினை வரவில்லை, இருட்ட முன் பாதை ஏற வேண்டும் என்பதால். "இன்னும் அஞ்சு நிமிசம்" என்று என்னிடம் கெஞ்சலாம், பாதைக்காரரிடம் கெஞ்ச முடியாது. வீட்டிலும் இப்படி வெளியே இருக்கிற ஒரு காரணத்தோடு நேரத்தைக் கட்டுங்கள். கோயில் மணி, மாட்டைக் கட்டும் நேரம், தகப்பன் வேலையால் வரும் நேரம், எதுவானாலும் சரி. முடிவதற்குப் பத்து நிமிடம் முன்னால் சொல்லுங்கள். கட்டிக்கொண்டிருக்கிற சுவரை முடிக்க ஒரு பிள்ளைக்கு அவ்வளவு வேண்டும்.

கடைசியாக ஒரு வேலை. லுவான்டியின் கோப்புறைக்குள் 'வேர்ல்ட்ஸ்' என்று ஒன்று இருக்கும். பிள்ளைகள் கட்டிய எல்லாம் அதில்தான். விளையாட்டை மூடியபிறகு அதை ஒவ்வொரு வாரமும் ஒரு பென்டிரைவில் கொப்பி எடுங்கள். போன மாரியில் கரண்ட் போய் வந்ததில் என் பெரிய பெட்டியின் ஹார்ட் டிஸ்க் செத்துவிட்டது. நான் அதுவரை ஒரு கொப்பியும் எடுத்திருக்கவில்லை. கோட்டை, பாலம், கொய் வெட்டிய வாய்க்கால், எல்லாம் போய்விட்டது. பிள்ளைகளிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை அவர்கள் சதுரக்கோட்டுக் கொப்பிகளைக் கொண்டுவந்து, முதலிலிருந்து தொடங்கினார்கள். இப்போது பென்டிரைவ் இரண்டு இருக்கிறது. ஒன்று கடை லாச்சிக்குள். மற்றதை ஒரு பொலித்தீன் பையில் சுற்றி, ஒவ்வொரு வாரமும் ஒரு பிள்ளை அக்கரைக்குக் கொண்டுபோகிறது.